முடுக்கை அடைக்க வந்த மாப்பிள்ளைக்கு

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. கையில என்ன, டேப்பா? அம்பது மீட்டரு! நம்ம மனை தென்வடல் பதினேழு மீட்டர்தானப்பா. மிச்ச டேப்பை என்ன செய்யப் போற? நாளைக்கும் லீவுதான, அப்படியே கண்மாயையும் அளந்துட்டு வந்துரு. அதுலயும் கொஞ்சம் காணாமப் போயிருக்குன்னு ஊருல பேச்சு.

நேத்து சாயங்காலம் நீ போனை நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு மனையைச் சுத்தி வந்ததைப் பாத்தோம். 'பிள்ளைக்கு ஏதோ வேண்டுதல்'னு உங்க அத்தை விபூதி எடுத்துட்டு வந்துட்டா. போன்ல நில அளவு வந்துருச்சுன்னு சொன்ன. ரொம்ப நல்லது. அந்தப் போனு வெட்டவெளியில நின்னாலே நாலஞ்சு மீட்டர் தள்ளிக் காட்டும். வீட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவுல நின்னா இன்னும் தாராளம். நீயும் உங்க பெரியப்பா மகனும் முறைச்சுக்கிட்டு நிக்கிறது ரெண்டடிக்கு. போன் தப்புறது பதினஞ்சடி. அதை நம்பிக் கோடு கிழிச்சா உங்க அண்ணன் அடுப்படி உன் பேருக்கு வந்துரும், உன் குளியலறை பஞ்சாயத்து ரோட்டுல நிக்கும்.

உன் யோசனையை உங்க அம்மா சொன்னா. தங்கமான யோசனை, அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு. உங்க தாத்தா மனையைப் பிரிச்சப்போ கயித்துக்கு நேரா ஒரு பூவரசமரம் நின்னுச்சு. வெட்ட மனசு வரல, கயித்தை வளைச்சுட்டாங்க. மரம் போயிருச்சு, வளைவு மட்டும் நிக்குது. அண்ணன் அடுப்படி மூலை உன் பக்கம் ரெண்டடி நீட்டிக்கிட்டிருக்கு. உன் பழைய தொழுவத்துச் சுவரு அவன் பக்கம் ஒண்ணரை அடி. இந்த ரெண்டு மூக்கையும் மாத்திக்கிட்டு கோட்டை நேராக்கிரலாம். ரெண்டு மனைக்கும் நடுவுல தெருவுல இருந்து பின்னாடி கிணத்துக்குப் போற மூணடி முடுக்கை ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிட்டு அடைச்சிரலாம். கிணறு தூந்து போச்சு, வாருகால் காஞ்சு போச்சு, முடுக்குல யாரும் நடக்கிறதில்ல. அப்படித்தான? அந்த 'யாரும்'ங்கிறதுக்கு அப்புறமா வர்றேன்.

முதல்ல பத்திரத்தைப் படிச்சியா? கடைசிப் பக்கத்துல பேரு சரியா இருக்கான்னு பாத்திருப்ப. உள்ள படி. கிழமேல் ஜாதியடி இத்தனை, தென்வடல் இத்தனைன்னு போட்டு, நாலெல்லை சொல்லியிருப்பான். வடக்கே பூவரசமரம், கிழக்கே வண்டிக்காரர் தொழுவம், மேற்கே தென்வடல் தெரு, தெற்கே நம்ம வீட்டுச் சுவர். வண்டிக்காரர் செத்துப் போனாரு, தொழுவம் மண்ணாப் போச்சு, பூவரசு விறகாப் போச்சு. நாலுல இன்னும் அசையாம நிக்கிறது தெருவும் உன் மாமன் வீட்டுச் சுவரும்தான். இதை ஞாபகம் வச்சுக்க. அளவும் எல்லையும் ஒண்ணுக்கொண்ணு முட்டுனா கோர்ட்டு பெரும்பாலும் எல்லையைத்தான் பிடிக்கும். பழைய பத்திரம்னா அளவையும் சும்மா நம்பிராத. தச்சு முழத்துல எழுதியிருந்தா முழம் 33 அங்குலம். உன் டேப்புல அந்த முழம் இருக்காது.

முன்னெல்லாம் இதெல்லாம் கர்ணம் மண்டைக்குள்ள இருந்துச்சு. எந்த வரப்பு யார் காலத்துல எத்தனை தடவை நடந்து போச்சுன்னு அவருக்குத்தான் தெரியும். ஆமா, வரப்பு நடக்கும். நீ நினைக்கிறயா மனுசன் மட்டும்தான் நடப்பான்னு? 1980-ல எம்.ஜி.ஆர். பரம்பரைக் கர்ணம் வேலையை ஒழிச்சாரு. நல்ல காரியம்தான், ஊருல பாதிப்பேரு மூச்சு விட்டாங்க. மண்டைக்குள்ள இருந்த கணக்கு அவரோட போயிருச்சு. அதே காலத்துல யு.டி.ஆர்.னு பட்டாக் கணக்கையெல்லாம் புதுசா எழுதுனாங்க. அதுல அப்பன் பேரு மகனுக்கும், மேற்கு கிழக்குக்கும் மாறிப் போனதை இன்னமும் ஜனம் தாலுகா ஆபீஸ்ல நின்னு திருத்திக்கிட்டிருக்கு. பட்டா ஒரு வருவாய்க் கணக்கு மாப்ளே. உரிமை பத்திரத்துல இருக்கு. ரெண்டும் ஒத்துப் போனா உனக்கு யோகம்.

நான் சின்ன வயசுல சர்வேயருக்குச் சங்கிலி இழுத்தவன். ஒரு சங்கிலி 66 அடி, அதுல நூறு லிங்க்ஸ், ஒரு லிங்க்ஸ் 7.92 அங்குலம். ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். சதுர அடியில போட்டா 435.6. நாலு பிள்ளைகளைப் பெத்த ரெண்டு பேரு அந்தப் புள்ளி ஆறுக்காகக் கோர்ட்டுக்குப் போனதை இந்த ஊரு பாத்திருக்கு. ரெண்டு பேரும் இப்ப இல்ல. வழக்கு இருக்கு.

அதனால நீ டேப்பைச் சுருட்டி வை. நம்மது நத்தம். இ-சேவையில பணம் கட்டி அளவைக்கு மனுப் போடு. சர்வேயரு புலப்படத்தோட வருவாரு, பக்கத்துக்காரங்களுக்கு நோட்டீஸ் போகும், கல்லுல இருந்து கல்லுக்கு அளப்பாரு. கல்லு எங்கன்னு கேப்பாரு. அப்ப எல்லாரும் வானத்தைப் பாப்பீங்க. வடகிழக்கு மூலைக்கல்லு உங்க அண்ணி துணி துவைக்கிற இடத்துல கவுந்து கிடக்கு. சர்வே கல்லைப் பிடுங்குனா ஜெயிலு வரைக்கும் போகும் சட்டம். அதுல சோப்புப் போடுறதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நீயா போய்த் தூக்கி நட்டுறாத. நீ நட்டா அது கல்லு, அரசாங்கம் நட்டாத்தான் எல்லை.

சரி, அளந்தாச்சு. கோடு நேராயிருச்சு. நீங்க ரெண்டு பேரும் கோயில்ல சூடம் அடிச்சு 'இந்த மூலை உனக்கு, அந்த மூலை எனக்கு'ன்னு கையைக் குலுக்கிக்குவீங்க. உங்க தாத்தனும் அவரு தம்பியும் இதையேதான் செஞ்சாங்க. அதைத்தான் இப்ப நீ நேராக்க வந்திருக்க.

எழுது. பரிவர்த்தனைப் பத்திரம்னு பேரு. நிலத்துக்கு நிலம் மாத்துனாலும் சட்டத்துக்கு அது கிரயத்துக்குச் சமானம். 1908 பதிவுச் சட்டப்படி நூறு ரூபாயும் அதுக்கு மேலயும் போற அசையாச் சொத்தைக் கைமாத்துனா பதியணும். நூறு ரூபாய்க்கு இன்னிக்கு நம்ம ஊருல பத்துச் செங்கல் அடுக்க இடம் கிடைக்குமான்னு தெரியல, ஆனா அந்த நூறு அப்படியே நிக்குது. வெள்ளைக்காரன் போயும் அது போகல. முத்திரைத் தீர்வை ரெண்டு துண்டுல எது மதிப்பு கூடவோ அதுக்குப் போடுவாங்க. உன் சென்னைச் சிநேகிதன் ஒருத்தன் 'விடுதலைப் பத்திரம் எழுதுங்க, செலவு கம்மி'ன்னானாமே? அது பிரியாத சொத்துல பங்கை விட்டுக் கொடுக்கிறவனுக்கு. உங்க தாத்தா காலத்துலயே பிரிஞ்சு, அவனவன் பேர்ல பட்டா வாங்கி, அவனவன் வரி கட்டி, ஒருத்தன் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தன் போகாம இருக்கிறவங்களுக்கு விடுதலை எதுக்கு? விடுதலை எப்பவோ ஆயிருச்சு.

அண்ணன் வீட்டு மூலப்பத்திரம் எங்க இருக்குன்னு கேட்டியா? 'பீரோவுல இருக்கு'ன்னு சொல்வான். வில்லங்கம் போட்டுப் பாரு. மகன் காலேஜுக்குக் கட்டுன வருசத்துல இருந்து அது பேங்குப் பீரோவுல தூங்குதுன்னு என் காதுக்கு வந்துச்சு. அடமானத்துல இருக்கிற மனையில ஒரு மூலையை உனக்கு எழுதிக் கொடுத்தா, உனக்கு வர்றது மூலையும் கடனும். பேங்குக்காரன் ஆட்சேபணை இல்லைன்னு எழுத்துல கொடுத்தா மட்டும் கையெழுத்துப் போடு. பதிஞ்சாச்சுன்னா உட்பிரிவுக்கு மனு. நத்தம் கணக்குல பழைய நம்பருக்கு வால் முளைக்கும். 3 இருந்தது 3ஏ ஆகும், உன் பேரன் காலத்துல 3ஏ1பி ஆகும். ரயில் டிக்கெட் நம்பரைவிட நீளமாப் போனாலும் பரவால்ல, படத்துல அந்தக் கோடு நேரா விழுந்துருச்சான்னு பாத்துட்டு வா. படத்துல விழலைன்னா உன் பத்திரம் பீரோவுல கிடக்கும், பூவரச வளைவு ஆபீஸ்ல வாழும்.

இப்ப முடுக்குக்கு வருவோம். எனக்கு ருசியான இடம் இதுதான்.

'யாரும் நடக்கிறதில்ல'ன்னு சொன்ன. நீ வருசத்துக்கு ரெண்டு தடவை வர்ற, பொங்கலுக்கும் கொடைக்கும். அந்த ரெண்டு நாள்ல யாரும் நடக்கல, ஒத்துக்கிறேன். பின்வீட்டு இட்லிக்காரம்மா விடியக்காலம் நாலரை மணிக்கு அந்த வழியாத்தான் தெருவுக்கு வருது. சட்டி தூக்கிட்டு அவ்வளவு தூரம் சுத்தி வர அதுக்கு முடியாது. அதோட ரெண்டு ஆடும் வருது. ஆட்டுக்குச் சட்டத்துல பாத்தியதை இருக்கான்னு என்னைக் கேக்காத, அந்தம்மாவுக்கு இருக்கலாம். 1882-லயே வசதியுரிமைச் சட்டம்னு ஒண்ணு போட்டுட்டுப் போயிருக்கான். ஒருத்தன் இன்னொருத்தன் நிலத்துல, ஒளிஞ்சுக்கிடாம, கெஞ்சாம, தடையில்லாம, உரிமையா இருபது வருசம் நடந்தான்னா அது அவனுக்குப் பாத்தியதை. அரசாங்க நிலமா இருந்தா முப்பது வருசம். அந்தம்மா இட்லிக் கடை போட்டது உனக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடி.

'நடக்காம விட்டா உரிமை செத்துப் போகும்தான மாமா?'ன்னு கேப்ப. கேளு. சாகும். ஆனா அதுக்கும் இருபது வருசம் வேணும், தொடர்ச்சியா, ஒரு தடவைகூடக் கால் படாம. பாத்தியதை நாலு பேருக்குக் கூட்டா இருந்து ஒருத்தன் நடந்துட்டான்னாலும் நாலு பேருக்கும் அது உசுரோட இருக்கும். அதைவிட வேடிக்கை, நடக்காதவன் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய் 'நான் இப்ப நடக்கல, ஆனா இந்த வழியை விடமாட்டேன்'னு எழுதிப் பதிஞ்சு வச்சான்னா, பதிஞ்ச நாள்ல இருந்து இன்னொரு இருபது வருசம் ஓடும். உங்க அண்ணன் மகன் சட்டம் படிக்கிறான்ல? அவன் இந்தப் பக்கத்துக்கு வர்றதுக்குள்ள நீ வேலையை முடி. அப்புறம் இதையும் கேட்டுக்க: சும்மா பயன்படுத்தாம இருந்தாலே விட்டுக் கொடுத்ததா ஆகாதுன்னு அதே சட்டம் பச்சையா சொல்லுது. வாயால விட்டுட்டேன்னு சொல்லணும், இல்லாட்டி நிரந்தரமாச் சுவரைக் கட்டுங்கன்னு தானே அனுமதி கொடுத்து அந்தச் சுவரும் எழும்பணும். அந்தம்மா சும்மா தலையாட்டுனாங்கிறதை நீ அனுமதின்னு எடுத்துக்காத. அது எல்லாத்துக்கும் தலையாட்டும். நான் பாக்கி சொன்னாலும் தலையாட்டும், அடுத்த மாசம் கரெக்டா கேக்கும்.

பின்னாடி இப்ப சிமென்ட் ரோடு வந்துருச்சே, அவங்களுக்கு வேற வழி கிடைச்சிருச்சேன்னு ஒரு பாயிண்டு உன் கையில இருக்கும். நல்ல பாயிண்டுதான், ஆனா அரைப் பாயிண்டு. வேற வழியே இல்லாத காரணத்தால கிடைச்ச வழியா இருந்தா, வழி கிடைச்சதும் அந்த உரிமை முடிஞ்சுரும். பத்திரத்துல 'வழிநடைப் பாத்தியம் சகிதம்'னு எழுதிக் கொடுத்ததா இருந்தா, ஊரைச் சுத்தி எட்டுவழிச்சாலை போட்டாலும் அது முடியாது. அதனால அந்தம்மா பத்திரத்தையும் பாரு. சாயங்காலமா போ, ரெண்டு இட்லி சாப்பிடு, காசைக் கொடு, அப்புறம் பேச்சை எடு. இஷ்டப்பட்டா அதுகிட்ட ஒரு விட்டுக்கொடுப்புப் பத்திரம் எழுதி வாங்கு, அதுக்கு ஏதாவது கொடு. இதுல மட்டும் கஞ்சத்தனம் காட்டாத.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. முடுக்கு யாருது? நீயும் அண்ணனும் 'பாதிப்பாதி'ன்னு பங்கு போட்டுட்டீங்க, தகப்பன் சொத்துன்னு. நத்தம் கணக்கை எடுத்துப் பாரு. அதுல தெருப் புறம்போக்கு, பாதைன்னு விழுந்திருந்தா உங்க ரெண்டு பேருக்கும் அதுல ஒரு அங்குலமும் இல்ல. எதை எழுதி மாத்துவீங்க? அது ஊருப் பாதை. ஊரை வச்சுக்கிட்டு உன்னால பரிவர்த்தனை எழுத முடியாது. ஓடை, வாய்க்கால்னு இருந்துச்சோ அந்தப் பேச்சையே விட்டுரு. தண்ணி போற பாதையை அடைச்சவனை ஒரு மழையாவது வந்து விசாரிக்கும். அதுக்கு வாய்தா கிடையாது.

குழாயா? அதுக்கும் ஒரு கதை இருக்கு. முடுக்குக்குக் கீழ போற இரும்புக்குழாய் பழைய மேல்நிலைத் தொட்டிக் குழாய். ஜல் ஜீவன்னு 2019-க்கு அப்புறம் வந்த திட்டத்துல தெரு வழியா புதுக்குழாய் போட்டாங்க, வீட்டுக்கு வீடு கருப்புப் பைப்பு நிக்குது. அதுல தண்ணி வர்றது வேற விஷயம். பழைய குழாய் செத்துப்போச்சுன்னு எல்லாரும் நினைக்கிறோம். ஆனா கோயில் பக்கத்துச் சின்டெக்ஸ் தொட்டி எப்படி நிறையுதுன்னு எவனும் கேக்கல. ஒரு எல்போ எங்கயோ உசுரோட இருக்கு. தோண்டிப் பாக்காம அடைச்சேன்னு வை, கொடை அன்னிக்குச் சாமிக்கு அபிஷேகத் தண்ணி இருக்காது, ஊரு உன்னைத்தான் தேடும். குழாய் பஞ்சாயத்துச் சொத்து. ஊராட்சி மன்றத்துல தீர்மானம் போட்டு, எழுத்துல வாங்கி, அவங்க ஆள் வச்சே எடுக்கணும். கிராமசபையில எந்திரிச்சுக் கேக்கலாம், உன் இங்கிலீஷ் கலக்காத தமிழைக் கேக்க எனக்கும் ஆசைதான். மார்ச் 22-ந்தேதி கூட்டத்துல மட்டும் கேக்காத. அது உலகத் தண்ணீர் தினம், அன்னிக்குப் போய் 'குழாயை எடுங்க'ன்னா அடிப்பாங்க.

கரண்ட் கம்பத்தோட ஸ்டே கம்பி முடுக்கு வாசல்லதான் ஊணியிருக்கு. தள்ளி வைக்கணும்னா மனுக் கொடு, எஸ்டிமேட் போடுவாங்க, பணம் நீதான் கட்டணும். லைன்மேன் டீயோட முடிச்சுத் தர்றேன்னா நம்பாத. கம்பி நகரும், கணக்குல நகராது.

டவுன்ல இதைவிடப் பெரிய கூத்து. பழைய தெருக்கள்ல வீடுகளுக்குப் பின்னாடி சுகாதாரச் சந்துன்னு ஒண்ணு விட்டிருப்பாங்க, பாத்திருப்ப. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்துல, மனுசன் மலத்தை மனுசன் தலையில சுமந்து போறதுக்கு விட்ட வழி அது. அந்த மனுசங்க முன்வாசல் பக்கம் வரக்கூடாதுங்கிறதுக்காகவே பின்னாடி விட்டது. 1993-ல ஒரு சட்டம், 2013-ல இன்னொரு சட்டம் போட்டுத் தடுத்தாங்க. அதுக்கு அப்புறமும் சாக்கடைக்குள்ள இறங்கிச் சாகிற சேதி நிக்கல, அது தனி வயித்தெரிச்சல். ஆனா அந்தச் சந்துக்கு அந்த வேலை போச்சு. இந்த உலகத்துல ஒரு பாதை செத்ததுக்கு நான் சந்தோசப்பட்டது அதுக்குத்தான். அப்புறம் என்ன நடந்துச்சு? தலைமுறை தலைமுறையா அந்தச் சந்துப் பக்கம் ஜன்னலைக்கூடத் திறக்காத வீட்டுக்காரங்க, இப்ப மூணடிக்காக மாடியில நின்னு ஒருத்தரை ஒருத்தர் ஏசுறாங்க. 'எங்க பாட்டன் விட்ட நிலம்'ங்கிறான் ஒருத்தன். பாட்டன் எதுக்காக விட்டாருன்னு மட்டும் சொல்லமாட்டான்.

நம்ம முடுக்குக்கு அந்தப் பாவம் இல்ல. ஆனா இதுவும் சும்மா விட்டதில்ல. உங்க பாட்டியைத் தூக்கிட்டுப் போனது அந்த வழியாத்தான். தெருப்பக்கம் தேர்ச் சப்பரம் நின்னுச்சு, திரும்ப வழியில்ல, முடுக்கு வழியா ரெண்டு பேரு முன்னால ரெண்டு பேரு பின்னால பக்கவாட்டுல சாஞ்சு கொண்டு போனாங்க. மூணடிதான், பாடை போச்சு. நாளைக்கு எனக்கு நெஞ்சு வலின்னா ஸ்ட்ரெச்சரும் அதுல போகும். நீ அடைச்சுட்டு என்னை எந்த வழியா கொண்டு போகப் போற? மேல தூக்கிச் சுவர் தாண்டுறதா உத்தேசமா? நான் அப்படியே எந்திரிச்சுருவேன், சொல்லிட்டேன்.

அடைக்க வேணாம்னு சொல்லல மாப்ளே. நேராக்கு, மாத்து, அடை. ஒவ்வொண்ணையும் கேட்டு, எழுதி, பதிஞ்சு, படத்துல ஏத்திட்டுச் செய். அதுக்கு ஒரு வருசமாவது ஆகும்னு வச்சுக்க. கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டியா? கொடுத்திருப்ப. போகட்டும், அவன் திருப்பித் தரமாட்டான், அடுத்த வேலைக்குக் கழிச்சுக்கலாம்னு சொல்வான்.

அப்புறம் எழுதுறதுதான் எழுதுற, இன்னொரு ரெண்டு வரி இருக்கு. எங்க வீட்டு வடக்குச் சுவர்தான் உன் தெற்கு எல்லைன்னு உன் பத்திரமே சொல்லுது. அந்தச் சுவருக்கு மேல ஓட்டு இறவாரம் ஒண்ணேகால் அடி உன் மனைக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கு, மழைத்தண்ணி உன் பக்கம்தான் விழுது. நீ பொறக்கிறதுக்கு முன்னாடி இருந்து விழுது, பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க, ஒருத்தரும் தடுக்காம. இருபது வருசம்னு சொன்னேன்ல, அது எத்தனை மடங்கு ஆச்சுன்னு நீயே போன்ல போட்டுக்க. உங்க அம்மாவுக்குத் தெரியும், நான் அவளுக்கு அண்ணன், அவ ஒண்ணும் சொல்லமாட்டா. உன் எஞ்சினியர் தெற்குல ரெண்டடி விட்டுச் சுவர் வைக்கிறாராமே. அதை மூணாக்கச் சொல்லு, ஓட்டுல கை வைக்க வேணாம்னும் சொல்லு. பத்திரம் எழுத டவுனுக்குப் போறப்போ என்னையும் கூட்டிட்டுப் போ. சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடுற அலைச்சல் மிச்சம். பஸ் செலவு உன்னோடது.